ஒன்றேகால் லட்சம் டாலர் வாத்தியார்

ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியருக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர் சம்பளம். இந்த வரியைப் படிச்ச உடனே மனசுக்குள்ள ரூபாய்க்கு மாத்திப் பார்த்திருப்பீங்க. தப்பில்ல. பிளேஸ்மென்ட் சீசன் ஓடுற காலேஜ்ல சம்பளம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா கை தானா கால்குலேட்டருக்குத்தான் போகும்.

விஷயம் உண்மை. நியூயார்க் நகரத்தில் மன்ஹாட்டனின் வடக்குப் பகுதியில் வாஷிங்டன் ஹைட்ஸ்னு ஒரு ஏரியா. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அதிகம், வருமானம் குறைவு. அங்கே 2009 செப்டம்பரில் 'தி ஈக்விட்டி ப்ராஜெக்ட்' என்ற சார்ட்டர் பள்ளி ஐந்தாம் வகுப்பை மட்டும் வைத்துத் தொடங்கியது. தொடங்கியவர் பெயர் ஸீக் வாண்டர்ஹுக். பெயர் புதுசா இருக்கலாம், ஆனா எம்பிஏ கனவோட திரியுற உங்க சீனியர் யாராவது இவர் ஆரம்பிச்ச 'மன்ஹாட்டன் ஜிமேட்' நிறுவனத்தோட புத்தகத்தைக் கையில வெச்சிருந்திருப்பாங்க. ஆள் முதல்ல அதே பகுதியில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர். அப்புறம் கோச்சிங் நிறுவனம். அப்புறம் பள்ளி.

அவர் கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு பள்ளிக்கூடத்துல மாணவரோட படிப்பை அதிகம் மாத்துறது ஆசிரியர்தான். அப்படின்னா காசை அங்கே கொட்டு. மத்ததையெல்லாம் குறை. அப்போ அமெரிக்க ஆசிரியர்களின் சராசரிச் சம்பளத்தைவிட இது ரெண்டு மடங்குக்கும் மேல. முதல்வர் பதவியில் உட்கார்ந்த அவருக்கே ஆரம்பத்தில் 90,000 டாலர்தான். தன் கீழே வேலை பார்க்கிற டீச்சரைவிடக் கம்மியாச் சம்பளம் வாங்குற பிரின்சிபாலை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? உதவி முதல்வர் மாதிரியான பதவிகளே கிடையாது. அந்த நிர்வாக வேலையையும் ஆசிரியர்களே பிரிச்சுச் செய்யணும். வகுப்புக்கு 30 பேர் வரைக்கும் பசங்க. நன்கொடையை வெச்சு இல்ல, அரசாங்கத்திலிருந்து வரும் பணத்தை வெச்சே இந்தச் சம்பளத்தைக் கொடுத்துக் காட்டணும்ங்கிறது அவரோட பிடிவாதம்.

சார்ட்டர் பள்ளின்னா என்னன்னு சுருக்கமாச் சொல்லிடறேன், ஏன்னா மீதிக் கதைக்கு அது வேணும். பணம் அரசாங்கத்தோடது. ஃபீஸ் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமா வந்தா குலுக்கல். ஆனா பள்ளியை நடத்துறது ஒரு தனி அமைப்பு. நம்ம ஊர் அரசு உதவி பெறும் பள்ளி உங்களுக்கு ஞாபகம் வரலாம். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. நம்ம எய்டட் ஸ்கூல்ல ஆசிரியர் சம்பளம் அரசு நிர்ணயிச்சது, தகுதியும் அரசு சொன்னதுதான். சார்ட்டர்ல ஒரு மாணவருக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை பள்ளி கையில வந்துடும். யாரை எடுக்கணும், எவ்வளவு கொடுக்கணும், யாரை அனுப்பணும்ங்கிறதுல பள்ளிக்குப் பெரிய சுதந்திரம். 1991ல் மினசோட்டா மாநிலம்தான் இதுக்கு முதல் சட்டம் போட்டது. இப்போ அமெரிக்கா முழுக்க 37 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் படிக்கிறாங்க.

இதுல பெரிய பங்கு தங்களை 'காலேஜ் ப்ரெப்' பள்ளின்னு சொல்லிக்கும். வீட்டுல யாரும் காலேஜ் வாசலை மிதிக்காத பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பி, பட்டம் வாங்க வைக்கிறதுதான் அந்தப் பள்ளிகளோட வாக்குறுதி. 'கிப்' என்ற பெரிய சார்ட்டர் குழுமத்துல ஐந்தாம் வகுப்புக் குழந்தையோட பேட்சுக்கே அவங்க காலேஜ் போகப்போற வருஷத்தைப் பெயரா வைப்பாங்க. வகுப்பறைக்கு அந்த ஆசிரியர் படிச்ச யுனிவர்சிட்டி பெயர். சும்மா ஒரு செட்டப்புன்னு தோணலாம். ஆனா பத்து வயசுப் பையன் தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கிட்டே வகுப்புக்குள்ள நுழையுறான்னு யோசிச்சுப் பாருங்க. நம்மள்ல எத்தனை பேருக்கு பிளஸ் டூ கவுன்சிலிங் வரைக்கும் நாலு காலேஜ் பேர்தான் தெரியும்!

சரி, இப்படிப்பட்ட பள்ளிக்கு யாரை வாத்தியாரா எடுக்கணும்? 'தகுதியுள்ள ஆசிரியர்'னா யார்? அமெரிக்காவில் இதுக்கு முப்பது வருஷமா சண்டை நடக்குது. இந்தச் சண்டையை நான் ஏன் நம்ம இதழ்ல எழுதுறேன்னா, நம்ம கேம்பஸுக்குள்ளேயே அது வந்துடுச்சு. அதைக் கடைசில சொல்றேன்.

ஒரு கட்சி சொல்றது: ஆசிரியர் வேலை ஒரு தொழில். டாக்டருக்கு, வக்கீலுக்கு லைசென்ஸ் இருக்குற மாதிரி இதுக்கும் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் வேணும். எதிர்க் கட்சி சொல்றது: சான்றிதழ் வெறும் காகிதம். நல்ல யுனிவர்சிட்டியில நல்லாப் படிச்ச, துடிப்பான இளைஞர்களைக் கொண்டுவா, சில வாரம் பயிற்சி கொடு, அவங்களே கலக்கிடுவாங்க.

ரெண்டாவது கட்சிக்கு ஒரு பிறந்த தேதியே இருக்கு. 1989ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி காப் என்ற மாணவி தன் இளங்கலை ஆய்வேட்டில் ஒரு யோசனை எழுதினார். டாப் காலேஜ் பட்டதாரிகளை ரெண்டு வருஷத்துக்கு ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு ஆசிரியராக அனுப்பலாம்னு. அதுதான் 'டீச் ஃபார் அமெரிக்கா'. 1990ல் சுமார் 500 பேரோட முதல் பேட்ச் போச்சு. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஸ்பைரல் பைண்டிங் பண்ணினதோட டிபார்ட்மென்ட் அலமாரியில தூங்கப் போகுது. அது வேற விஷயம்.

சார்ட்டர் பள்ளிகளுக்கும் இந்த அமைப்புக்கும் தொப்புள்கொடி உறவு. கிப் பள்ளிகளை 1994ல் ஹூஸ்டனில் தொடங்கிய டேவ் லெவின், மைக் ஃபைன்பெர்க் ரெண்டு பேரும் டீச் ஃபார் அமெரிக்கா வழியா வந்தவங்க. யேல், பென்சில்வேனியான்னு பெரிய பெரிய யுனிவர்சிட்டி ஆட்கள். 'பார்த்தியா, திறமைசாலியைக் கொண்டுவந்தா என்ன நடக்குதுன்னு' என்று ரெண்டாவது கட்சி மார்தட்டுறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனா அந்தக் கதையில் ஒரு பகுதியை வேகமாத் தாண்டிடுவாங்க. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. இந்த ரெண்டு பேரும் முதல் வருஷம் வகுப்பறையில திணறினாங்க. பசங்களைக் கட்டுப்படுத்தவே முடியல. அப்போ லெவின் வேலை பார்த்த அதே பள்ளியில் ஹாரியட் பால் என்ற அனுபவமுள்ள கறுப்பின ஆசிரியை இருந்தார். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாவும் தாளமாவும் மாத்தி, ஒட்டுமொத்த வகுப்பையும் எழுந்து கூடச் சொல்ல வைப்பார். ரெண்டு இளைஞர்களும் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க. கிப் என்ற பெயரே அவர் வகுப்புல பாடுற ஒரு வரியிலிருந்து வந்ததுதான். யேல் பட்டதாரிக்கு வாத்தியார் வேலையைச் சொல்லிக் கொடுத்தது அதே பள்ளியில இருந்த ஒரு டீச்சர்.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க செகண்ட் இயர் ஞாபகம் வந்தது. சிக்னல்ஸ் பாடம். எடுத்தவர் யுனிவர்சிட்டி ரேங்க் ஹோல்டர். பிபிடியைப் படிப்பார், ஸ்லைடு மாத்துவார், மறுபடி படிப்பார். கான்வல்யூஷன்னா என்னன்னு எனக்குக் கடைசி வரைக்கும் ஒரு இன்டெக்ரல் சிம்பலாத்தான் தெரிஞ்சது. ஒருநாள் லேப்ல, டிப்ளமோ மட்டும் முடிச்ச லேப் அசிஸ்டன்ட் அண்ணன் ரெண்டு பேப்பர் துண்டை எடுத்தார். ரெண்டுலயும் கட்டம் போட்டு நம்பர் எழுதினார். ஒண்ணைத் திருப்பிப் போட்டு இன்னொண்ணு மேல ஒவ்வொரு கட்டமா நகர்த்தி, 'இப்ப எதிரெதிரா இருக்கிறதைப் பெருக்கு, கூட்டு, எழுது. அடுத்த கட்டத்துக்கு நகர்த்து'ன்னார். பத்து நிமிஷம். முடிஞ்சுது. அந்த அண்ணன் எங்க காலேஜ்ல தியரி கிளாஸ் எடுக்க முடியாது. தகுதி இல்ல.

இதை வெச்சு 'டிகிரியே வேஸ்ட்டு'ன்னு நான் சொல்லப்போறதா நினைக்காதீங்க. அதே அண்ணனை ஃபூரியே டிரான்ஸ்ஃபார்மோட கன்வர்ஜென்ஸ் நிபந்தனையை விளக்கச் சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. பாடம் தெரியணும். அதுல சமரசம் கிடையாது. காலேஜுக்குத் தயார் பண்ற பள்ளியில் கணக்கு வாத்தியாருக்குப் பாடப்புத்தகத்துக்கு ரெண்டு படி மேல தெரிஞ்சிருக்கணும், இல்லேன்னா புத்திசாலிப் பையன் கேட்குற முதல் கேள்விலயே 'அது சிலபஸ்ல இல்ல'ன்னு வந்து நிக்கும். ஆனா பாடம் தெரியுறதும் பாடம் சொல்லிக் கொடுக்கத் தெரியுறதும் ரெண்டு வேற வித்தை. ரெண்டாவதை மார்க் ஷீட்ல தேடினா கிடைக்காது.

ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் நியூயார்க் நகரத்தின் 39 சார்ட்டர் பள்ளிகளுக்குள்ள போய், எது நல்ல பள்ளி, ஏன் நல்ல பள்ளின்னு அலசினாங்க. 2013ல் கட்டுரை வெளியானது. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு, எத்தனை ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் இருக்கு, எத்தனை பேர் மேற்படிப்பு முடிச்சவங்க... நாம வழக்கமா ஒரு கல்லூரியையோ பள்ளியையோ எடை போடுற இந்த விஷயங்களுக்கும் பள்ளியோட வெற்றிக்கும் தொடர்பே தெரியல. தொடர்பு தெரிஞ்சது வேற அஞ்சு விஷயத்துல. ஆசிரியரை அடிக்கடி கவனிச்சுக் கருத்துச் சொல்றது. தேர்வு முடிவைப் பார்த்துப் பாடத்தை மாத்துறது. சின்னச் சின்னக் குழுவா தீவிர டியூஷன். கூடுதல் பாட நேரம். பிள்ளைங்க மேல பெரிய எதிர்பார்ப்பு. பள்ளிக்குப் பள்ளி இருக்குற வித்தியாசத்துல சுமார் 45 சதவீதத்தை இந்த அஞ்சே விளக்கிடுது.

பட்டியல்ல முதல்ல இருக்குறதை மறுபடி படிங்க. ஆசிரியர் வகுப்பெடுக்கும்போது இன்னொருத்தர் பின்னாடி உட்கார்ந்து பார்த்து, அப்புறம் எது சரி, எது தப்புன்னு உட்கார்ந்து பேசுறது. ஹாரியட் பால் கதை அப்படியே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில வரியா வந்து நிக்குது.

சான்றிதழுக்கும் வெற்றிக்கும் தொடர்பு இல்லன்னதும் சார்ட்டர் பக்கம் ஒரே குஷி. 2017ல் நியூயார்க்கில் சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி கொடுக்கும் அமைப்புகளில் ஒன்றான மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. அதன் கீழ் வரும் சார்ட்டர் பள்ளிகள் தங்கள் ஆசிரியர்களுக்குத் தாங்களே சான்றிதழ் கொடுத்துக்கலாம். 160 மணி நேர வகுப்பு, 40 மணி நேரம் வகுப்பறைப் பயிற்சி, அவ்வளவுதான். வழக்கமான வழியில் அதுக்குப் பல மடங்கு ஆகும். ஆசிரியர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போச்சு. 2018ல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து பண்ணிடுச்சு.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரின்னுதான் படுது. 'சான்றிதழுக்கும் வெற்றிக்கும் தொடர்பு இல்ல'ங்கிறதும் 'பயிற்சியே வேண்டாம்'ங்கிறதும் ஒண்ணு இல்ல. இப்ப இருக்குற பயிற்சி சரியில்லன்னா நல்ல பயிற்சி கொடுக்கணும். 40 மணி நேரம்ங்கிறது ஒரு வாரம். நம்ம ஐவி-க்கு, அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு, போயிட்டு வர்ற பஸ் நேரத்தையும் சேர்த்தா நாலு வருஷத்துல அதைவிட அதிகம் வந்துடும். ஒரு பதினொரு வயசுப் பிள்ளையோட கணக்கு அடித்தளம் அந்த ஒரு வாரத்துல தயாரான ஆள் கையில.

அதுவும் இந்த சோதனையெல்லாம் யார் பிள்ளை மேல நடக்குதுன்னு பாருங்க. வசதியான புறநகர்ப் பள்ளிக்கு யாரும் அஞ்சு வாரப் பயிற்சி ஆசிரியரை அனுப்புறதில்ல. அந்த அப்பா அம்மா ஒத்துக்க மாட்டாங்க.

நியூ ஆர்லியன்ஸ் கதை இதுல ரொம்பக் கனமானது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அந்த ஊரையே மூழ்கடிச்சது. தண்ணி வடிஞ்சதும் மாநில அரசு பெரும்பாலான பள்ளிகளைத் தன் கையில எடுத்து, படிப்படியா சார்ட்டர் பள்ளிகளா மாத்துச்சு. பழைய ஊழியர்கள் 7,000 பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கப்பட்டாங்க. அதில் ஆசிரியர்கள் மட்டும் 4,000 பேருக்கு மேல். பெரும்பாலானவங்க கறுப்பினத்தவர், நிறையப் பேர் அந்தத் தெருவிலேயே வாழ்ந்த அனுபவசாலிப் பெண்கள். வீடும் போச்சு, வேலையும் போச்சு. அவங்க இடத்துக்கு வெளியூரிலிருந்து இளம் பட்டதாரிகள் வந்தாங்க, டீச் ஃபார் அமெரிக்கா வழியாவும் நிறையப் பேர். அந்த ஊர் ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் பங்கு 2005ல் 71 சதவீதமா இருந்தது, 2014ல் 49 ஆகக் குறைஞ்சது. தேர்வு மதிப்பெண் ஏறிச்சா? ஏறிச்சு, கணிசமாவே ஏறிச்சு. அதை மறைச்சு எழுத எனக்கு விருப்பமில்ல. ஆனா அந்த ஊர்ல ஒரு பாட்டி, தன் மகளுக்கும் பேரனுக்கும் பாடம் எடுத்த டீச்சரைத் தெருவில் பார்த்துப் பேசுற உறவு இருந்ததே, அது எந்த மதிப்பெண் பட்டியல்லயும் வராது. ஹாரியட் பால் மாதிரி எத்தனை பேர் அந்த 4,000 பேருக்குள்ள இருந்திருப்பாங்க, புதுசா வந்த பசங்க யார் வகுப்புல போய் உட்கார்ந்து கத்துக்கிட்டிருப்பாங்க?

இப்ப வாஷிங்டன் ஹைட்ஸுக்குத் திரும்பிப் போவோம். ஒன்றேகால் லட்சம் டாலருக்கு அந்தப் பள்ளி ஆள் எடுத்த விதம்தான் எனக்குப் பிடிச்சது. முதல் வருஷம் சுமார் 600 பேர் விண்ணப்பிச்சாங்க. எடுத்தது 8 பேர். ரெஸ்யூமே, இன்டர்வியூ எல்லாம் உண்டு. ஆனா தீர்மானிச்சது வேற. கடைசிச் சுற்று வரைக்கும் வந்தவங்களை அவங்க ஏற்கெனவே வேலை பார்க்குற பள்ளிக்கே வாண்டர்ஹுக் போய், வகுப்பெடுக்கும்போது உட்கார்ந்து பார்த்தார். சொந்த வகுப்பு, சொந்தப் பசங்க, எந்த மேக்கப்பும் இல்லாம. உங்க மாணவர்கள் கத்துக்கிட்டதுக்கு என்ன ஆதாரம்னும் கேட்டாங்க. எடுத்த பிறகும் சும்மா விடல. ஆசிரியர்கள் வாராவாரம் ஒருத்தர் வகுப்புல இன்னொருத்தர் உட்கார்ந்து பார்க்கணும். கோடை விடுமுறையில பல வாரம் சேர்ந்து உட்கார்ந்து பாடத்தைத் தயார் பண்ணணும்.

முடிவு? ஆரம்ப வருஷங்கள்ல மதிப்பெண் சுமாராத்தான் வந்தது, 'இவ்வளவு சம்பளம் கொடுத்து இதானா'ன்னு பத்திரிகைகள் கிண்டல் பண்ணின. 2014ல் மேத்தமேட்டிக்கா என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வந்தது. நாலு வருஷம் அங்கே படிச்ச பிள்ளைகள், அதே மாதிரிப் பின்னணியில் வேற பள்ளியில் படிச்ச பிள்ளைகளைவிடக் கணக்கில் சுமார் 1.6 வருஷப் படிப்பு அளவுக்கு முன்னாடி இருந்தாங்க. ஆங்கிலத்தில் முன்னேற்றம் அதைவிடக் குறைவு, ஆனா இருந்தது.

இதோட நிறுத்தினா அழகான சக்சஸ் ஸ்டோரி. ஆனா அதே அறிக்கையில இன்னொரு தகவலும் இருக்கு. அந்த வருஷங்கள்ல புதுசா சேர்ந்த ஆசிரியர்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் ரெண்டாவது வருஷத்துக்குத் திரும்பி வரல. 600 பேர்ல சலிச்சு எடுத்த 8 பேர் மாதிரியான ஆட்கள், அவ்வளவு சம்பளம், அப்படியும் பாதிப் பேர். சிலரைப் பள்ளியே அனுப்புச்சு, சிலர் தாங்களே போனாங்க. நிர்வாக வேலையும் ஆசிரியர் தலையில, 30 பிள்ளைகள், நீண்ட நாள். சம்பளத்தைக் கூட்டினா ஆள் வருவாங்க. இருப்பாங்களாங்கிறது அவங்க நாள் எப்படி ஓடுதுங்கிறதைப் பொறுத்தது.

காலேஜ் ப்ரெப் பள்ளிக்கு இது இன்னும் பெரிய பிரச்சினை. ஐந்தாம் வகுப்புல சேர்ந்த பிள்ளை காலேஜ் பட்டம் வாங்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். கிப் 2011ல் தன் ஆரம்பகால மாணவர்களைக் கணக்கெடுத்து ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் 33 சதவீதம் பேர் நாலு வருஷப் பட்டம் முடிச்சிருந்தாங்க. ஏழைக் குடும்பப் பிள்ளைகளின் தேசிய அளவு அப்போ சுமார் 8 சதவீதம்னு அதே அறிக்கை சொல்லுது, அதோட ஒப்பிட்டாப் பெரிய சாதனை. ஆனா மூணுல ரெண்டு பேர் முடிக்கல. அதை மூடி மறைக்காம வெளியிட்டதுக்காக அவங்களுக்கு ஒரு சல்யூட். முதல் செமஸ்டர்ல அரியர் விழுந்து, ஹாஸ்டல்ல தனியா உட்கார்ந்து, 'வீட்டுக்குப் போயிடலாமா'ன்னு யோசிக்கிற பிள்ளைக்கு, எட்டாவதுல பாடம் எடுத்த டீச்சர்கிட்ட ஒரு போன் பண்ணத் தோணணும். அந்த டீச்சர் அதே நம்பர்ல, அதே பள்ளியில இருக்கணுமே. ரெண்டு வருஷத்துல கிளம்பிப் போற ஆசிரியர்களை வெச்சு அதைக் கட்ட முடியாது.

இனி நம்ம கேம்பஸ். டீச் ஃபார் அமெரிக்காவோட யோசனை உலகம் முழுக்கப் பரவி, 2009லேயே இந்தியாவில் 'டீச் ஃபார் இந்தியா'வா முதல் பேட்சை அனுப்பிடுச்சு. ரெண்டு வருஷ ஃபெல்லோஷிப், சென்னையிலும் நடக்குது. நம்ம பிளேஸ்மென்ட் குரூப்ல லிங்க் வந்தபோது நாலஞ்சு பேர் ஹார்ட் போட்டீங்க, பார்த்தேன். இன்னொரு பக்கம் நீட், ஜேஇஇ கோச்சிங் சென்டர்காரங்க 'ஃபேக்கல்டி' வேலைக்கு ஆள் எடுக்குறாங்க, ஐடி ஃப்ரெஷர் சம்பளத்தைவிட அதிகமாவே சில பேருக்குக் கொடுக்குறாங்க. பி.இ. முடிச்சு பி.எட். படிச்சவங்க டெட் தேர்வு எழுதி அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஆகுறதுக்கும் தமிழ்நாட்டில் வழி திறந்திருக்கு. ஆக, இதைப் படிக்கிற உங்கள்ல சில பேர் அடுத்த ஜூன் மாசம் ஒரு கரும்பலகை முன்னாடி நிக்கப்போறீங்க.

நம்ம ஊர் விதிகள்ல ஒரு வேடிக்கை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் எடுக்க பி.எட். வேணும், அதுல கொஞ்ச நாள் பள்ளிக்குப் போய்ப் பயிற்சியும் எடுக்கணும். ஆனா நமக்குப் பாடம் எடுக்க, எம்.இ. இருந்தாப் போதும். போன வருஷம் நம்ம கேன்டீன்ல பக்கத்து டேபிள்ல பரோட்டா சாப்பிட்ட பி.ஜி. அக்கா இந்த வருஷம் கையில அட்டெண்டன்ஸ் நோட்டோட வந்து நிப்பாங்க. நடுவுல வகுப்பெடுக்க யாரும் கத்துக் கொடுக்கல. பாவம், அவங்க மேல தப்பே இல்ல. ஏஐசிடிஇ புது ஆசிரியர்களுக்குன்னு எட்டு மாட்யூல் பயிற்சி வெச்சிருக்கு. நல்ல விஷயம்தான், ஆனா அது ஆன்லைன்ல ஆரம்பிக்கிற கோர்ஸ். பின்னாடி உட்கார்ந்து கவனிச்சுச் சொல்றதுக்கு ஒரு மனுஷர் வேணும்.

வேலைக்கு எடுக்கும்போது 'டெமோ கிளாஸ்'னு ஒண்ணு நம்ம ஊர்லயும் உண்டு. எப்படி நடக்கும்னு கேட்டுப் பாருங்க. எச்ஓடி, பிரின்சிபால், இன்னும் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பாங்க. எல்லாருக்கும் அந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுல என்ன சோதனை இருக்கு? உண்மையான பசங்க முப்பது பேரை உட்கார வைங்க. அதுல மூணு பேர் தூங்கட்டும், ஒருத்தன் விவகாரமாக் கேள்வி கேக்கட்டும். முடிஞ்சதும் அந்தப் பசங்களுக்கு ரெண்டு கணக்கு கொடுங்க. எத்தனை பேர் போட்டாங்கன்னு எண்ணுங்க. செலவு ஒரு பீரியட், முப்பது ஏ4 பேப்பர். நம்ம காலேஜ்லயே அடுத்த ஃபேக்கல்டி இன்டர்வியூவுக்கு இதைச் செய்யச் சொல்லி மாணவர் கவுன்சில் ஒரு லெட்டர் கொடுக்கலாம். யாராவது டிராஃப்ட் பண்ணினா முதல் கையெழுத்து நான் போடுறேன்.

அந்தப் பக்கம் உட்காரப்போற உங்களுக்கும் சொல்றேன். நீங்க இன்டர்வியூவுக்குப் போகும்போது அவங்க மட்டும்தான் கேள்வி கேக்கணும்னு இல்ல. பள்ளியோ, கோச்சிங் சென்டரோ, ஃபெல்லோஷிப்போ, நாலு கேள்வி நீங்களும் கேளுங்க. என் வகுப்புல மாசத்துக்கு எத்தனை தடவை யார் வந்து உட்காருவாங்க? நான் யார் வகுப்புல போய் உட்காரலாம்? வாரத்துக்கு எத்தனை பீரியட், அதுக்கு மேல அட்மிஷன் கேன்வாசிங் மாதிரி வேற வேலை ஏதாவது உண்டா? கடைசியா, போன வருஷம் சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் இப்பவும் இங்க இருக்காங்க, அதுல ஒருத்தர் நம்பர் கிடைக்குமா?